வெயிலில் சாயம் போகும், உப்பு போகாது

முதுகலை வேதியியல் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "துத்தநாக ஆக்ஸைடு நானோ துகள்களை நானே தயாரித்து, மெத்திலீன் புளூ கரைசலில் போட்டு மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். 90 நிமிடத்தில் 95 சதவீத நிறம் போய்விட்டது. வெயிலை வைத்தே இவ்வளவு சுலபமாகச் சாயத்தை நீக்க முடியும் என்றால், திருப்பூரில் ஏன் இதைச் செய்யாமல் கோடிக்கணக்கில் செலவழிக்கிறார்கள்? என் ப்ராஜெக்ட்டை அந்தப் பக்கம் கொண்டுபோக என்ன செய்யலாம்?"

முதலில் ஒரு சின்னக் கணக்கு. வேதியியல் அப்புறம்.

ஒரு கிலோ பனியன் துணிக்குக் கறுப்பு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பருத்திக்குப் பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம்தான். கறுப்புக்குத் துணி எடையில் சுமார் 5 சதவீதம், அதாவது 50 கிராம் சாயம். அதில் ஐந்தில் நான்கு பங்கு இழையோடு பிணைந்துவிட்டால், மீதி 10 கிராம் தண்ணீரோடு போகும். அடுத்தது உப்பு. தண்ணீரில் இந்தச் சாயத்துக்கும் எதிர்மின்னூட்டம், பருத்தி இழைக்கும் எதிர்மின்னூட்டம். இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலை அடக்கத்தான் உப்பு போடுகிறார்கள். அடர்ந்த நிறம் என்றால் லிட்டருக்கு 60 கிராம் என்பது சாதாரணம். கிலோ துணிக்கு 8 லிட்டர் குளியல் என்றால் 480 கிராம் உப்பு. இதில் எதுவும் துணியில் தங்கப்போவதில்லை. சாயத்தை இழைக்குள் அனுப்பிவிட்டு, உப்பு மொத்தமும் வெளியே வந்துவிடும்.

ஆக, கழிவில் சாயம் 10 கிராம், உப்பு 480 கிராம். அலசல் தண்ணீரையும் சேர்த்துக் கிலோவுக்கு 60 லிட்டர் செலவானால், லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் கரைந்த உப்பு. ஆற்றில் விட அனுமதிக்கப்பட்ட டி.டி.எஸ். (மொத்தக் கரைந்த திடப்பொருள்) வரம்பு 2,100. உங்கள் வினையூக்கி, அதாவது அந்தத் துத்தநாக ஆக்ஸைடு, நூற்றுக்கு நூறு வேலை செய்தாலும் அந்த 10 கிராமைத்தான் தொடும். உப்பைத் தொடாது. சொல்லப்போனால் கொஞ்சம் கூட்டவும் செய்யும்: ரியாக்டிவ் சாய மூலக்கூறில் இருக்கும் சல்ஃபோனேட் தொகுதிகள் சிதையும்போது அந்தக் கந்தகம் சல்ஃபேட்டாகத் தண்ணீரிலேயே தங்கிவிடுகிறது.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதுவே. திருப்பூரின் சிக்கல் நிறத்தோடு முடிந்திருந்தால் அது எப்போதோ தீர்ந்திருக்கும். நிறத்தை எடுக்க ஹைப்போ (ஹைப்போகுளோரைட்) இருக்கிறது, ஓசோன் இருக்கிறது, சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டுப் படியவைக்கும் பழைய முறை இருக்கிறது. நொய்யலின் குறுக்கே 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்காகக் கட்டியது; கடைசியில் சாயக்கழிவு தேங்கும் குட்டை ஆனது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று பாசன விவசாயிகளே சொல்லும் நிலை வந்ததற்குக் காரணம் தண்ணீரின் நிறம் மட்டுமல்ல. அந்த உப்புத் தண்ணீர் பாய்ந்தால் நிலம் போய்விடும், கிணறும் போய்விடும். வழக்குகள் வருடக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுத் தண்ணீர்கூட வெளியே விடாத முறைக்கு வந்தால்தான் மறுபடி திறக்கலாம் என்ற நிலை. அதனால்தான் இன்றைய பொது சுத்திகரிப்பு நிலையங்களில் உயிரியல் தொட்டிக்கு அப்புறம் தண்ணீரைச் சவ்வு வழியே அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ., அதன் கழிவு உப்புநீரைக் காய்ச்சும் ஆவியாக்கிகள், கடைசியில் உப்பைப் படிகமாக எடுக்கும் இயந்திரம் என்று நீண்ட வரிசை. கோடிகள் செலவாவது பெரும்பாலும் அந்த உப்பைப் பிரிக்கத்தான்.

சரி, அப்படியென்றால் உங்கள் துகளைப் போல ஒளி பட்டால் வேலை செய்யும் ஒளிவினையூக்கி வீணா என்றால், இல்லை. அது எதைச் செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே வைக்கலாம் என்பதும் தெரியும்.

டைட்டானியம் டை ஆக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடு எல்லாம் குறைகடத்திகள். போதுமான ஆற்றலுள்ள ஒளித்துகள் ஒன்று விழுந்தால், உள்ளே ஓர் எலக்ட்ரான் மேல் பட்டைக்குத் தாவும். அது இருந்த இடத்தில் ஒரு துளை மிஞ்சும். துளை மேற்பரப்பை எட்டினால் தண்ணீரிடமிருந்தோ ஹைட்ராக்சைடிடமிருந்தோ எலக்ட்ரானைப் பறித்து ஹைட்ராக்சில் தனியுறுப்பை (எதிரே வருவதை உடனே தாக்கும் OH துண்டை) உண்டாக்கும். எலக்ட்ரானைக் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் வாங்கிக்கொள்ளும். ஹைட்ராக்சில் தனியுறுப்பு அநேகமாக எந்தக் கரிமப் பொருளையும் கடித்துவிடும். அதன் ஆக்ஸிஜனேற்ற மின்னழுத்தம் 2.8 வோல்ட், ஓசோனையும் மிஞ்சியது. ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்ஸைடு மின்முனையில் ஒளி பாய்ச்சித் தண்ணீரைப் பிரித்துக்காட்டிய கட்டுரை 1972-இல் வந்தது. இந்தத் துறையில் எந்த ஆய்வேட்டைப் புரட்டினாலும் முதல் பக்கத்தில் அவர்கள் இருப்பார்கள். உங்கள் ஆய்வேட்டிலும் இருப்பார்கள், பந்தயம் கட்டுகிறேன்.

இதில் இரண்டு இடத்தில் ஓட்டை. தாவிய எலக்ட்ரானும் துளையும் பெரும்பாலும் எதையும் செய்யாமல் மறுபடி சேர்ந்து வெப்பமாகிவிடும். அடுத்தது, போதுமான ஆற்றல் என்றேனே, அது. அனடேஸ் என்ற படிக வடிவ டைட்டானியம் டை ஆக்ஸைடின் ஆற்றல் இடைவெளி, அதாவது எலக்ட்ரான் தாவ வேண்டிய உயரம், 3.2 எலக்ட்ரான் வோல்ட். ஆற்றலை அலைநீளமாக மாற்ற 1240-ஐ அதனால் வகுத்தால் 387 நானோமீட்டர். அதைவிட நீண்ட அலைநீளம் எதுவும் அதற்குப் பயன்படாது. துத்தநாக ஆக்ஸைடும் ஏறக்குறைய அங்கேதான். தரைக்கு வரும் வெயிலில் புற ஊதாவின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டித்தான். கண்ணைக் கூசவைக்கும் கோயம்புத்தூர் வெயிலில் பெரும்பங்கை உங்கள் துகள் கண்டுகொள்வதே இல்லை.

இதை வைத்து இன்னொரு கணக்குப் போடலாம். நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் 30 வாட் புற ஊதா விழுகிறது என்று எடுத்துக்கொள்வோம். 365 நானோமீட்டர் என்று கணக்கிட்டால் மணிக்கு ஏறத்தாழ 0.33 மோல் ஒளித்துகள். நூறு ஒளித்துகளுக்கு ஒரு சாய மூலக்கூறு நிறமிழக்கிறது என்று தாராளமாகவே வைப்போம். மணிக்கு 3.3 மில்லிமோல். ரியாக்டிவ் பிளாக் 5 என்ற, எங்கும் புழங்கும் கறுப்புச் சாயத்தின் மூலக்கூறு எடை 991. கழிவில் அது லிட்டருக்கு 100 மில்லிகிராம் இருந்தால் 0.1 மில்லிமோல். ஆக மணிக்கு 33 லிட்டர், 6 மணி நேர வெயிலுக்குச் சதுர மீட்டருக்கு 200 லிட்டர். நாளுக்கு 50 லட்சம் லிட்டர் வரும் ஒரு பொது நிலையத்துக்கு 25,000 சதுர மீட்டர், அதாவது 6 ஏக்கர் கண்ணாடித் தளம் வேண்டும். இதுவும் நிறம் போக மட்டும். மூலக்கூறு முழுவதும் கார்பன் டை ஆக்ஸைடாக வேண்டுமானால் ஒவ்வொன்றிலிருந்தும் நூறுக்கும் மேற்பட்ட எலக்ட்ரான்களைப் பறித்தாக வேண்டும். அப்போது ஏக்கர் கணக்கு எங்கே போகும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். மழை நாளும் இரவும் இன்னும் கணக்கில் வரவில்லை.

விளக்கு போட்டால் என்ன? போடலாம், மின்கட்டணம் கட்ட முடிந்தால். ஒரு கன மீட்டர் நீரில் மாசைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க எத்தனை யூனிட் மின்சாரம் ஆகிறது என்று இந்தத் துறையில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஓசோனும், புற ஊதாவோடு ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேர்க்கும் முறையும் அதில் பொதுவாக ஒற்றை இலக்கத்தில் நிற்கும். விளக்கு வைத்த ஒளிவினையூக்கி பெரும்பாலும் 100 யூனிட்டைத் தாண்டிவிடும். ஆய்வுக்கூடக் கட்டுரைகள் பல "விளக்கு 300 வாட், கரைசல் 100 மில்லி, நேரம் 2 மணி" என்று எழுதிவிட்டு, அதைப் பெருக்கிச் சொல்லாமல் நகர்ந்துவிடுகின்றன. பெருக்கினால் 0.6 யூனிட், அதுவும் ஒரு டம்ளர் கூட நிறையாத தண்ணீருக்கு. கன மீட்டருக்கு 6,000 யூனிட்.

இனி உங்கள் குடுவைக்கும் நிஜக் கழிவுக்கும் உள்ள வித்தியாசம். நான் முதன்முதலில் இதில் இறங்கியபோது, ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரத்தில் வெளுத்த அதே சாயம், ஒரு பட்டறையின் தொட்டியிலிருந்து கேனில் பிடித்துவந்த தண்ணீரில் சாயங்காலம் வரை அசையவே இல்லை. வினையூக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புதிதாகத் தயாரித்தேன். அதுவும் அசையவில்லை. கெட்டது எதுவும் இல்லை. அந்தத் தண்ணீரில் குளோரைடும் கார்பனேட்டும் மண்டிக் கிடந்தன. ரியாக்டிவ் சாயத்தை இழையில் பிணைக்க சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) போட்டு பி.ஹெச்.சை 11 பக்கம் ஏற்றுவார்கள். கார்பனேட் அங்கிருந்து வருகிறது. ஹைட்ராக்சில் தனியுறுப்பு பொறுக்கித் தின்னாது, எதிரே வருவதைக் கடிக்கும். ஒரு சாய மூலக்கூறைச் சுற்றி ஆயிரக்கணக்கில் உப்பு அயனிகள் இருந்தால், அவைதான் முதலில் மாட்டும். குளோரைடு மாட்டினால் குளோரின் தனியுறுப்பு உருவாகி, சிதைந்த துண்டுகளோடு சேர்ந்து குளோரின் ஏறிய கரிமச் சேர்மங்களாகவும் மாறலாம். நிறம் போன தண்ணீரில் புதிதாக ஒரு தலைவலி.

அதோடு கழிவே கறுப்பு. வினையூக்கிக்கு வரவேண்டிய புற ஊதாவைச் சாயமே மேலாக விழுங்கிவிடும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் கரைசலில் இது தெரியாது. நிஜக் கழிவில் மேலே சில மில்லிமீட்டர்தான் வேலை நடக்கும் இடம்.

அடுத்தது மெத்திலீன் புளூ. இதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. பார்க்க அழகு, விலை மலிவு, 664 நானோமீட்டரில் அளக்க சுலபம், அதனால் எல்லோரும் அதையே எடுக்கிறார்கள். பனியன் துணிக்கு அதை யாரும் ஏற்றுவதில்லை. அது நேர்மின்னூட்டச் சாயம். பருத்திக் கழிவில் இருப்பதோ எதிர்மின்னூட்டச் சாயங்கள். டைட்டானியம் டை ஆக்ஸைடின் மேற்பரப்பு பி.ஹெச். 6.5 வாக்கில் மின்னூட்டமற்றது. அதற்கு மேலே எதிர்மின்னூட்டம் பெறும். காரக் கழிவில் மெத்திலீன் புளூ துகளோடு ஒட்டிக்கொள்ளும், ரியாக்டிவ் சாயம் விலகி ஓடும். நீங்கள் ஒன்றில் பெற்ற முடிவு மற்றதற்கு நேர் எதிராக இருக்கலாம். இன்னொன்று, மெத்திலீன் புளூ தானே கண்ணுறு ஒளியை உறிஞ்சி, தன் எலக்ட்ரானைத் துகளுக்குக் கொடுத்துவிட்டுச் சிதையக்கூடியது. "என் வினையூக்கி கண்ணுறு ஒளியில் வேலை செய்கிறது" என்று வரும் அறிவிப்புகள் சிலவற்றில் வேலை செய்தது சாயம்தான், வினையூக்கி இல்லை. ஃபீனால், சாலிசிலிக் அமிலம் போல நிறமில்லாத ஒன்றை வைத்துச் சோதித்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

துகளைத் திரும்ப எடுப்பது பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பி25 என்ற பிரபல டைட்டானியம் தூளின் துகள் சுமார் 21 நானோமீட்டர். லிட்டருக்கு 1 கிராம் என்றால் 50 லட்சம் லிட்டரில் 5 டன் தூள் மிதக்கும். அதை வடிகட்ட ஒரு சவ்வு, அந்தச் சவ்வு அடைத்துக்கொண்டால் அதற்கு ஒரு பராமரிப்பு. கண்ணாடியிலோ ஓட்டிலோ பூசிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் தண்ணீரைத் தொடும் பரப்பு குறைந்து வேகமும் விழும். உங்கள் துத்தநாக ஆக்ஸைடுக்கு இன்னொரு பலவீனம்: அமிலத்திலும் கடும் காரத்திலும் கரையும், ஒளியிலேயே மெல்ல அரிக்கவும் படும். வெளியேறும் நீரில் துத்தநாகத்துக்கு வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். சாயத்தை எடுத்து உலோகத்தைக் கலந்தால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, வெளி உலகில் இது ஓடியிருக்கிறதா என்றால் ஓடியிருக்கிறது. துனிசியாவில் மென்ஸெல் தெமீம் என்ற ஊரில் ஒரு துணி ஆலையில், வினையூக்கி பூசிய சாய்தளத்தின் மேல் தண்ணீரை மெல்லிய ஏடாக வழியவிட்டு வெயிலில் சுத்திகரிக்கும் மாதிரி நிலையம் ஒன்றை ஜெர்மானிய ஆய்வாளர்களும் துனிசியர்களும் சேர்ந்து இயக்கிப் பார்த்தார்கள். சாய்தளம் என்பது நல்ல யோசனை: தண்ணீர் ஏடு மெல்லியதாக இருப்பதால் ஒளி அடிவரை போகும், காற்றிலிருந்து ஆக்ஸிஜன் தானாகக் கரையும், தூளை வடிகட்டும் வேலை இல்லை. ஸ்பெயினில் அல்மெரியா வட்டாரத்தில் பாலித்தீன் கூடாரப் பண்ணைகள் அதிகம். அங்கே சேரும் காலிப் பூச்சிமருந்து டப்பாக்களைக் கழுவிய தண்ணீரைச் சூரிய ஒளியில் சுத்திகரிக்கும் நிலையம் 2004 வாக்கில் வந்தது. ஆனால் அங்கே டைட்டானியத்தை விட்டுவிட்டு, இரும்பு உப்பும் ஹைட்ரஜன் பெராக்ஸைடும் சேர்ந்த ஃபென்டன் வினையை ஒளியோடு ஓட்டினார்கள். அது நீல ஒளி வரை பயன்படுத்திக்கொள்ளும், வேகமும் அதிகம். ஆனால் பி.ஹெச். 3-ஐ ஒட்டி இருக்க வேண்டும். திருப்பூரின் காரக் கழிவை அங்கே இறக்க அமிலம், பிறகு ஏற்றக் காரம், இரண்டும் சேர்ந்து மறுபடியும் உப்பு. எந்தப் பக்கம் போனாலும் உப்பு வந்து நிற்கிறது பாருங்கள்.

இந்த இரண்டு இடத்திலும் ஒற்றுமை ஒன்று உண்டு. தண்ணீர் குறைவு, உயிரியல் முறை தொட முடியாத மாசு, அல்லது உயிரியல் முறை முடித்துவிட்டு விட்ட மிச்சம். ஒளிவினையூக்கிக்கு ஏற்ற இடம் அதுதான். கழிவு வரும் வாசலில் அதை வைக்கக் கூடாது, கடைசிப் படிகளில் வைக்க வேண்டும். திருப்பூர் வரிசையில் இரண்டு இடம் எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, ஆர்.ஓ.வுக்கு முன்னால்: உயிரியல் தொட்டி முடிந்த தண்ணீரில் மிஞ்சும் கரிமப் பொருள் சவ்வை அடைக்கிறது; அதைக் குறைத்தால் சவ்வின் ஆயுள் கூடும். இரண்டாவது, இன்னும் சுவையானது: ஆர்.ஓ. கழிவான உப்புநீர். அதன் நிறத்தை எடுத்துவிட்டால் அதே உப்புநீரைச் சாயக்குளியலுக்குத் திரும்பப் பயன்படுத்தலாம்; காய்ச்சி வற்றவைக்கும் செலவு குறையும். உப்பை எதிரியாகப் பார்க்காமல், அந்த 480 கிராமை அடுத்த கிலோ துணிக்கு அனுப்பும் வழி இது. ஆனால் அந்த உப்புநீரில்தான் தனியுறுப்பைத் தின்னும் அயனிகளும் உச்சத்தில் இருக்கும். அந்த உப்பிலும் தாங்கி வேலை செய்யும் வினையூக்கி எது என்பது உங்கள் வயதில் ஒருவர் எடுக்கத் தகுந்த கேள்வி.

எனவே ப்ராஜெக்ட்டுக்கு என் யோசனை. மெத்திலீன் புளூவை ஒரு ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டு, முக்கியச் சாயமாக ரியாக்டிவ் பிளாக் 5 எடுங்கள். அதையும் சோடா ஆஷ் சேர்த்துக் கொதிக்கவைத்து, இழையில் ஒட்டாமல் தண்ணீரில் மிஞ்சும் வடிவத்துக்குக் கொண்டுவந்த பிறகே எடுங்கள். கழிவில் இருப்பது அந்த வடிவம்தான். சோடியம் சல்ஃபேட்டை லிட்டருக்கு 0, 5, 20, 50 கிராம் என்று ஏற்றி வேகம் எப்படி விழுகிறது என்று வரையுங்கள். அப்புறம் சோடியம் குளோரைடை வைத்து அதையே செய்யுங்கள். இரண்டு கோடுகளையும் ஒரே படத்தில் போட்டாலே ஒரு நல்ல அத்தியாயம் கிடைக்கும். ஒப்பிட பி25 கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தத் துகளைத் தன்னோடு தானே ஒப்பிடுவதில் பயனில்லை. நிறத்தோடு நிறுத்தாமல் சி.ஓ.டி.யாவது (மிஞ்சிய கரிமப் பொருளை வேதிமுறையில் ஆக்ஸிஜனேற்ற எவ்வளவு ஆக்ஸிஜன் தேவை என்ற அளவு) பாருங்கள். குளோரைடு சி.ஓ.டி. அளவைக் கூட்டிக் காட்டும் என்பதால், உப்புக் கரைசல்களுக்கு மெர்க்குரிக் சல்ஃபேட் சேர்க்க மறக்காதீர்கள். உப்பு மிக அதிகமானால் அதுவும் கைகொடுக்காது, அங்கே மொத்தக் கரிம அளவி உள்ள இடத்தைத் தேடுவதே நல்லது. கரைந்த துத்தநாகத்தை அணு உறிஞ்சல் கருவியில் அளந்து எழுதுங்கள், எண் எவ்வளவு மோசமாக வந்தாலும்.

நச்சுத்தன்மைக்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஈரத்தாளில் பச்சைப்பயறு முளைக்கவிடும் சோதனை போதும். சாயம் சிதையும் வழியில் உண்டாகும் இடைநிலைத் துண்டுகள் சில நேரம் மூலச் சாயத்தைவிட மோசமானவை; தண்ணீர் பளிச்சென்று தெரிந்தும் முளை வராமல் போகும். அதே அளவு உப்பு மட்டும் சேர்த்த வெறும் தண்ணீரில் ஒரு தட்டு தனியாக வையுங்கள். இல்லாவிட்டால் முளையைக் கெடுத்தது உப்பா, துண்டுகளா என்று தெரியாது.

இப்போது கையில் இருக்கும் 95 சதவீதத்தையும் மறுபடி சரிபாருங்கள். துகள் போட்டு அரை மணி நேரம் இருட்டில் கலக்கிய பிறகு வெயிலுக்குக் கொண்டுபோனீர்களா? இல்லையென்றால் அந்த 95-இல் ஒரு பகுதி சிதைந்திருக்காது, துகளில் ஒட்டியிருக்கும்; வடித்தெடுத்த துகள் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். துகளே போடாத கரைசல் ஒன்றும் பக்கத்தில் வெயிலில் இருந்ததா? மெத்திலீன் புளூ வெறும் வெயிலிலும் மங்கும். கடைசியாக ஒரு சோதனை, காசு செலவில்லாதது. மெத்திலீன் புளூ எலக்ட்ரானை வாங்கிக்கொண்டால் சிதையாமலே நிறமற்ற வடிவத்துக்கு மாறும். ஆக்ஸிஜன் குறைந்த, மூடிய, சரியாகக் கலக்காத குடுவையில் இது நடக்கும். வெளுத்த கரைசலிலிருந்து துகளை வடித்துவிட்டு, திறந்த பீக்கரில் காற்றுப்பட இருட்டில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் நீலம் திரும்பியிருந்தால், சாயம் எங்கேயும் போகவில்லை.